உடலின் அளவா, உடையின் அளவா?

இணையத்தில் துணி விற்கும் ஒருவரிடம் "எல் சைஸ் எனக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நீங்க வழக்கமா எல் போடுவீங்கன்னா இதுவும் சரியா இருக்கும்" என்று பதில் வரும். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பேச்சில் அளவு என்று ஒன்று வரவே இல்லை. கொஞ்சம் அக்கறையுள்ள வியாபாரி ஓர் அட்டவணை அனுப்புவார்: எம் – மார்பு 38, எல் – மார்பு 40, எக்ஸ்எல் – மார்பு 42. எண் வந்துவிட்டது, இருந்தும் பாதித் தகவல்தான். அந்த 40 அங்குலம் யாருடையது? அணிகிறவரின் மார்பா, தைத்து முடித்த குர்த்தியின் மார்பா?

நெய்த பருத்தித் துணியில் தைத்த குர்த்தி உடலைவிட 2 முதல் 4 அங்குலமாவது பெரிதாக இருந்தால்தான் கையைத் தூக்கவும் குனிந்து நிமிரவும் முடியும். ஆண்களின் சட்டைக்கு இந்த இடைவெளி 4 முதல் 6 அங்குலம் வரை போகும். எனவே அட்டவணையில் உள்ள 40 உடலின் அளவு என்றால் குர்த்தி 43 இருக்கும். குர்த்தியின் அளவு என்றால் அதைப் போடுகிறவருக்கு மார்பு 37 இருக்க வேண்டும். அட்டவணையை ஒரு விதமாகப் படித்தால் பொருந்துகிற உடை, இன்னொரு விதமாகப் படித்தால் ஒன்றிரண்டு சைஸ் தள்ளிப்போகிறது. துணி திரும்பி வருவதற்கு நிறம், தரம், தாமதம் என்று எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் வியாபாரி தன் மேசையிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல் சரிசெய்துவிடக்கூடிய காரணம் இந்த ஒன்றுதான்.

ஆடை அளவின் வரலாறே இந்தக் குழப்பத்தின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியத் தையற்காரர்களிடம் எண் பொறித்த நாடா கிடையாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு காகிதப் பட்டையை வைத்து, தோள், மார்பு, கை நீளம் ஆகியவற்றுக்கு அதில் சிறு வெட்டுகள் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பட்டை அந்த ஆளுக்கு மட்டும் உரியது. இன்ச் டேப் வந்த பிறகுதான் ஒருவரின் அளவை இன்னொருவரின் அளவோடு ஒப்பிட முடிந்தது. ஒப்பிட முடிந்ததும், மார்பளவு ஒன்று தெரிந்தால் மற்றதையெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் வந்தது. ஆயத்த ஆடைத் தொழில் அந்த நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை 1939-40இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓப்ரையனும் வில்லியம் ஷெல்டனும் நடத்திய ஆய்வு காட்டியது. சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் வீதம் அளந்தார்கள். 1941இல் முடிவுகள் வெளிவந்தன. மார்பளவை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் உடல்வாகைச் சொல்லிவிட முடியாது என்று தெரிந்தது. ஆய்விலும் ஓட்டை இருந்தது: கணக்கில் எடுத்துக்கொண்டவை வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே. இந்தத் தரவை அடித்தளமாக வைத்து 1958இல் அமெரிக்க அரசு பெண்களின் ஆடைக்கு ஒரு தர அளவை வெளியிட்டது. நிறுவனங்கள் அதை மெல்ல மெல்லக் கைவிட்டன. 1983இல் அரசும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1958இன் தர அளவில் 8 என்ற சைஸுக்கு மார்பு 31 அங்குலம். இன்று அமெரிக்கக் கடையில் 8 என்று மாட்டியிருக்கும் உடை அதைவிடப் பல அங்குலம் பெரியது. வாங்குகிறவரின் மனம் குளிர, உடையைப் பெரிதாக்கி எண்ணைச் சிறிதாகவே வைத்திருப்பது வியாபாரத் தந்திரம். ஆண்களுக்கு இந்த ஆசை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2010இல் எஸ்குவயர் இதழ் 36 என்று முத்திரையிட்ட பல பிராண்டு பேண்ட்களின் இடுப்பை டேப் வைத்து அளந்தது. ஒன்றில் 37 அங்குலம், இன்னொன்றில் 41.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. இங்கே எண்கள் பொய் சொல்வதைவிட, ஆளுக்கொரு மொழி பேசுகின்றன. ஆண்கள் பனியன் 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் இருக்கிறது. பேண்ட் 32, 34 என்று அங்குலத்தில். சட்டையில் 40 என்று போட்டிருந்தால் சில பிராண்டுகளில் அது காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். வேறு சிலவற்றில் மார்பளவு, அங்குலத்தில். குழந்தைகள் உடைக்கு 18, 20, 22 என்று ஒரு வரிசை. அதையே 2 வயது, 4 வயது என்றும் விற்கிறார்கள். நைட்டிக்கு ஃப்ரீ சைஸ். ஃப்ரீ சைஸ் என்று எழுதுவதும் அளவை எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். அதற்கும் மார்பு, நீளம், கழுத்து உண்டு. 5 அடி உயரமுள்ளவருக்கும் 5 அடி 7 அங்குலம் உள்ளவருக்கும் அந்த நீளம் ஒரே மாதிரி அமைவதில்லை.

இந்தியர்களின் உடல்வாகுக்கு ஏற்ற அளவு அட்டவணை வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் துணையுடன் இந்தியாசைஸ் என்ற திட்டத்தை எடுத்தது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது அதன் இலக்கு. தேவையான வேலைதான், தயாரிப்பாளர்களுக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் இதனால் இணைய வியாபாரியின் வேலை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எந்த நாட்டின் தர அளவானாலும் அது சொல்வது உடலைப் பற்றி. தைத்து வந்த உடை அந்த அட்டவணையின்படிதான் இருக்கிறதா என்பதை, அதைக் கையில் வைத்திருப்பவர் அளந்துதான் சொல்ல முடியும்.

நம் தையல் கடைகளில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். புது ஜாக்கெட் தைக்கப் போகும் பெண் தன் உடலை அளக்கக் கொடுப்பதைவிட, நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். அளவு ஜாக்கெட். டெய்லர் அதை மேசையில் விரித்து அளந்து, கழுத்தை மட்டும் "அரை இன்ச் ஏத்தவா, இறக்கவா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். உடலுக்கும் உடைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, துணி எவ்வளவு இழுபடும், அணிகிறவர் இறுக்கத்தை விரும்புகிறாரா, தளர்வையா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்தப் பழைய ஜாக்கெட்டிலேயே விடை இருக்கிறது. உடையை உடையோடு ஒப்பிடுவது. இணைய வியாபாரத்துக்கும் இதைவிட நல்ல முறை இல்லை. விற்பவர் உடையைத் தட்டையாக விரித்து அளந்து எண்களைப் போட வேண்டும். வாங்குபவர் தன்னிடம் நன்றாகப் பொருந்தும் உடையை அதே முறையில் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் டேப்பை வைத்தால் போதும். சிக்கல் அந்த "ஒரே இடத்தில்" இருக்கிறது.

முதலில் டேப்பையே சோதிக்க வேண்டும். பழைய துணி டேப் நாளடைவில் நீண்டுவிடும். ஃபைபர்கிளாஸ் டேப் அவ்வளவு நீளாது. ஆனாலும் ஓர் இரும்பு ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மலிவு டேப்களில் இன்னொரு கோளாறு உண்டு. ஒரு பக்கம் 60 அங்குலம், மறுபக்கம் 150 சென்டிமீட்டர் என்று அச்சிட்டு, இரண்டும் ஒரே இடத்தில் முடியும். 60 அங்குலம் என்பது 152.4 சென்டிமீட்டர். சரியான டேப்பில் 150ஆவது சென்டிமீட்டர் 59 அங்குலத்தை ஒட்டித்தான் விழும். விழவில்லையென்றால் அதன் இரண்டு பக்கத்தில் ஒன்று தப்பு.

அளக்கும் இடம் மேசையாக இருக்கட்டும். மெத்தையில் துணி அமுங்கும்; பாயில் நழுவும். கசங்கியிருந்தால் தேய்த்துவிட்டு, பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் போட்டு, உள்மடிப்பு இல்லாமல் கையால் நீவி விரிக்க வேண்டும். நீவுவது வேறு, இழுப்பது வேறு. பின்னலாடையை நீவுகிறேன் என்று இழுத்துவிட்டால் ஒரு சைஸ் கூடிப்போகும். மூட்டையில் அமுங்கிக் கிடந்த டி-சர்ட்டைப் பிரித்தவுடன் அளப்பதும் கூடாது. சோதனைக்கூடங்களில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் துணியைப் பல மணி நேரம் கிடத்திவிட்டுத்தான் அளப்பார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு அந்த நிலை 27 டிகிரி செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதம். வீட்டில் விற்பவருக்கு அந்த அறை வேண்டாம். முதல் நாள் இரவே பிரித்து விரித்து வைத்தால் போதும்.

மார்பளவில்தான் அதிகத் தகராறு. அக்குள் தையல் முடியும் புள்ளியிலிருந்து எதிர்ப்புறப் புள்ளி வரை நேராக அளந்து இரட்டிப்பது ஒரு முறை. அந்தப் புள்ளிக்கு ஓர் அங்குலம் கீழே அளப்பது ஏற்றுமதி நிறுவனங்களில் பரவலான இன்னொரு முறை. இரண்டும் சரி. எதைப் பின்பற்றினீர்கள் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. கீழே போகப் போக விரியும் ஏ-லைன் குர்த்தியில் இந்த ஓர் அங்குலமே வித்தியாசம் காட்டும். தட்டையாக அளந்ததை இரட்டிப்பதால் பிழையும் இரட்டிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மேசையில் அரை அங்குலம் அலட்சியமாகப் படித்தால் உடம்பைச் சுற்றி ஓர் அங்குலம். ஆகவே எண்ணை முழு அங்குலமாக்குவதை அளக்கும்போது செய்யாமல், இரட்டித்த பிறகு செய்வதே முறை. இரட்டித்த எண்ணா, தட்டை எண்ணா என்பதையும் எழுத வேண்டும்; "மார்பு 20" என்று பார்த்துக் குழந்தை உடை என்று நினைத்தவர்கள் உண்டு.

நீளத்தைக் கழுத்தும் தோளும் சேரும் உச்சிப் புள்ளியிலிருந்து கீழ் ஓரம் வரை அளப்பது வழக்கம். பின்கழுத்தின் நடுவிலிருந்து அளந்தால் சில சென்டிமீட்டர் குறையும். தோள்பட்டைக்குப் பின்புறமாக ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. கழுத்திலிருந்தே கை தொடங்கும் ராக்லன் வெட்டிலும், தோள் இறங்கிய தளர்வு டி-சர்ட்டிலும் அந்த அளவுக்குப் பொருளே இல்லை. அங்கே பின்கழுத்து நடுவிலிருந்து கை முனை வரை ஒரே அளவாகக் கொடுப்பதுதான் நேர்மை.

பேண்டில் இடுப்பு. ஜீன்ஸின் முன்பட்டி பின்பட்டியைவிடத் தாழ்ந்திருக்கும்படிதான் வெட்டியிருப்பார்கள். இரண்டையும் சமமாக ஒட்டவைத்து அளந்தால் ஓர் எண். இயல்பாகத் தாழ விட்டு அளந்தால் வேறொரு எண். ஒட்டவைத்து அளப்பதே பரவலான முறை. இடுப்போடு நிறுத்திக்கொள்கிறவர்கள் கவட்டைத் தையலிலிருந்து முன்பட்டி வரையான உயரத்தை விட்டுவிடுகிறார்கள். பேண்ட் தொப்புளுக்குக் கீழே நிற்குமா, மேலேயா என்பதை அந்த எண்தான் சொல்லும். அது தெரியாமல் இடுப்பளவு மட்டும் தெரிந்து பயனில்லை. தொடை, உள்கால் நீளம், கால் முனை அகலம் ஆகியவற்றையும் சேர்த்தால் போதுமானது. எலாஸ்டிக் இடுப்புக்கு இரண்டு எண் வேண்டும்: தளர்ந்த நிலையில் எவ்வளவு, முழுதாக இழுத்தால் எவ்வளவு. லைக்ரா கலந்த லெக்கின்ஸ் உடலைவிடச் சிறியதாகவே தைக்கப்படுவது. தளர்ந்த அளவை மட்டும் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

ரெடிமேட் ஜாக்கெட் தனிக்கலை. மார்பு, மார்புக்குக் கீழ்ச் சுற்று, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், கைச்சுற்று, அக்குள் சுற்று என்று இத்தனையும் வேண்டும். உடலுக்கும் உடைக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் சட்டையில் பொறுத்துக்கொள்ளும் பிழையை இது பொறுக்காது. நம் பெண்கள் கேட்கும் முக்கியமான கேள்வியோ எந்த வெளிநாட்டு அட்டவணையிலும் இல்லாதது: உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது? "38, பிரித்தால் 42 வரை" என்று ஒரு வரி எழுதினால் அந்த ஜாக்கெட்டை வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையே மாறிவிடும். கைச்சுற்றில் பிரிக்கத் துணி இருக்கிறதா என்றும் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மார்பு சரியாக இருந்தும் கை ஏறாமல் திரும்பும் ஜாக்கெட்டுகள் ஏராளம்.

சேலைக்கும் வேட்டிக்கும் அளவுப் பிரச்சினை இல்லை என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் சேலை ஐந்தரை மீட்டரா, ஜாக்கெட் துணி சேர்த்து 6.3 மீட்டரா, குஞ்சத்தைச் சேர்த்து அளந்ததா, அகலம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். உயரமானவருக்கு அகலம்தான் பிரச்சினை. வேட்டி நான்கு முழமா எட்டு முழமா என்பதோடு மீட்டரிலும் போடலாம். ஆளுக்கு ஆள் முழம் மாறும்.

ஒரு உருப்படியை அளந்துவிட்டு அந்த சைஸ் முழுவதற்கும் அதே எண்ணைப் போடுவது அடுத்த வழுக்கல். திருப்பூரில் எந்த ஏற்றுமதி நிறுவனத்திலும் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு ஸ்பெக் ஷீட் இருக்கும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை, எந்த சைஸுக்கு எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று அதில் வரிசையாக இருக்கும். அந்தக் கூடுதல் குறைச்சலை டாலரன்ஸ் என்பார்கள். அது இல்லாமல் தொழிலே நடக்காது. பின்னல் துணியைப் பல அடுக்காக விரித்து வெட்டும்போது துணி இழுபட்டிருந்தால் வெட்டிய பின் சுருங்கும். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் மயிரிழை மாறும். தையலில் கொஞ்சம், அயர்னிங்கில் கொஞ்சம். ஒரே எம் முத்திரையுள்ள இரண்டு டி-சர்ட்டுக்கு இடையே 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது குற்றமல்ல. ஒவ்வொரு சைஸிலும் சிலவற்றையாவது அளந்து, நடுவான எண்ணைப் போட்டு, "1 செ.மீ. கூடலாம், குறையலாம்" என்று எழுதுவதே சரி. எம் ஒன்றை மட்டும் அளந்து, எல்லுக்கு 2 அங்குலம் கூட்டிக்கொள்வது ஊகம்.

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தை வாங்கி விற்பவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குத் தைத்த எல்லும் அமெரிக்காவுக்குத் தைத்த எல்லும் ஒன்றல்ல. மிச்சக் குவியலில் இரண்டும் கலந்து கிடக்கும். அதோடு, வெளிநாட்டு பையர் தள்ளிய சரக்கு தள்ளப்பட்டதற்கு அளவு டாலரன்ஸைத் தாண்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட உடையில் தைத்திருக்கும் சைஸ் முத்திரையை நம்பி விற்பது, தவறு என்று ஒருவர் கண்டுபிடித்துத் தள்ளியதையே சரி என்று இன்னொருவரிடம் சொல்வதாகும்.

துவைத்தபின் என்ன ஆகும் என்பதும் அளவின் பகுதிதான். பருத்திப் பின்னலில் காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்துவது) சரியாகச் செய்யாத துணி முதல் துவையலில் நீளத்தில் 5 விழுக்காடும் அதற்கு மேலும் சுருங்கலாம். 70 சென்டிமீட்டர் டி-சர்ட் மூன்றரை சென்டிமீட்டர் ஏறிவிடும். ஒவ்வொரு புதுச் சரக்கிலும் ஒரு உருப்படியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து, "துவைக்கும் முன் 70, துவைத்த பின் 68" என்று போடுகிற வியாபாரியை நான் தேடிப்பிடித்து வாங்குவேன். பழைய துணி விற்பவர்களுக்கு இந்த ஒரு தொல்லை இல்லை. சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்திருக்கும்.

தொழில்நுட்பம் வந்து இதையெல்லாம் தீர்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பழசு. ஜப்பானின் சோசோ நிறுவனம் 2017இல் சோசோசூட் என்ற ஒட்டுடையை அறிவித்தது. 2018இல் வெள்ளைப் புள்ளிகள் பதித்த கறுப்பு வடிவம் வாடிக்கையாளர்களிடம் போனது. அதைப் போட்டுக்கொண்டு செல்பேசி முன் சுற்றி நின்றால் உடல் அளவு கிடைக்கும். பேச்சு பெரிதாக எழுந்தது. ஓராண்டுக்குள் அந்தத் திட்டத்தை நிறுவனம் சுருட்டிக்கொள்ளத் தொடங்கியது. கேமராவால் உடலை அளக்கும் செயலிகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவை உடலை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், எதிரே வைத்து ஒப்பிட உடையின் அளவு வேண்டுமே. அதை யாரோ ஒருவர் டேப் பிடித்து அளந்து போட்டிருந்தால்தான் செயலிக்கு வேலை.

சட்டமும் பாதி தூரம் வந்திருக்கிறது. 2022இல் சட்டமுறை எடையளவு விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பொட்டலமின்றி விற்கும் ஆயத்த ஆடைகளில் எஸ், எம், எல் போன்ற குறியோடு சென்டிமீட்டர் அல்லது மீட்டர் அளவும் இருக்க வேண்டும். வரவேற்க வேண்டியது. ஆனால் அந்தச் சென்டிமீட்டர் உடலினதா உடையினதா என்று பிரித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பாதி வேலை இருந்திருக்காது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இன்னும் நேரடியானவை: விளம்பரத்தில் சொன்ன தன்மையில் பொருள் இல்லாவிட்டால் விற்பவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. மார்பு 42 என்று எழுதி 39 அனுப்பினால் "நோ ரிட்டர்ன்" என்ற வாசகம் காப்பாற்றாது. விளம்பரத்தில் எதையும் எழுதாமல் எல் என்று மட்டும் விற்றவர்தான் இன்றைய நிலையில் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறார். சட்டம் அடைக்க வேண்டிய ஓட்டை அது.

அதுவரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு குர்த்தி, ஒரு சட்டை, ஒரு பேண்ட், ஒரு ஜாக்கெட் எடுத்து மேசையில் விரித்து அளந்து எண்களைச் செல்பேசியில் குறித்துவையுங்கள். அடுத்த முறை "எல் பொருந்துமா?" என்று கேட்காதீர்கள். "உடையைத் தட்டையா வெச்சு அக்குளிலிருந்து அக்குள் எத்தனை இன்ச்?" என்று கேளுங்கள். அளந்து சொல்லச் சோம்பும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.